செம்பக்கம் யாருக்குச் சொந்தம்?

ஒன்றின் விடையை வைத்திருப்பதும் அதனை அறிந்திருப்பதும் ஒன்றுதானா? ஒன்றல்ல எனின், அவ்வேறுபாட்டை மாணவருக்கு உணர்த்துவது ஆசிரியரின் கடமைகளுள் அடங்குமா? இவை மெய்யியலாளர் ஓய்வு நேரத்தில் எழுப்பும் வினாக்கள் என்றே நாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். சென்ற தவணையின் இறுதியில் எமது பாடசாலையின் ஆசிரியர் ஓய்வறையில் நிகழ்ந்த சிறு சம்பவமொன்று அவ்வெண்ணத்தைக் குலைத்துவிட்டது.

நாம் தமிழ் கற்பிப்பவர். கணிதத்துக்கும் எமக்குமுள்ள உறவு சாதாரண தரப் பரீட்சையுடன் முடிந்துபோன ஒன்று. எமக்கு எதிர் மேசையிலிருந்து பத்தாந் தர விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த கணித ஆசிரியர் இரண்டு தாள்களை எம்மிடம் நீட்டினார். செங்கோண முக்கோணியொன்றின் செங்கோணத்தை அடக்கும் பக்கங்கள் 9 சென்ரிமீற்றரும் 12 சென்ரிமீற்றரும் ஆகும்; செம்பக்கத்தின் நீளத்தைக் காண்க என்பது வினா. முதலாவது தாளுக்குரிய மாணவி பைதகரசின் தேற்றத்தை எழுதி, 9 இன் வர்க்கம் 81, 12 இன் வர்க்கம் 144, கூட்டுத்தொகை 225, அதன் வர்க்கமூலம் 15 என்று படிப்படியாக முடித்திருந்தாள். இரண்டாவது தாளில் 15 என்ற இலக்கத்தைத் தவிர வேறொன்றுமில்லை. முன்னவளுக்கு முழுப் புள்ளி. பின்னவன் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதியிருக்கவேண்டும் என்பது ஆசிரியரின் ஐயம்.

பையன் அழைக்கப்பட்டான். அவன் தயங்கித் தயங்கிக் கூறிய விடை இது: "மூண்டு, நாலு, ஐஞ்சு எண்டதை மூண்டாலை பெருக்கினால் ஒன்பது, பன்னிரண்டு, பதினைஞ்சு தானே, சேர். அப்பா அத்திவாரத்துக்கு மூலைமட்டம் பாக்கிறது அப்பிடித்தான்." தந்தை மேசன் வேலை செய்பவர். சனி, ஞாயிறு தினங்களில் கயிற்றின் மறு நுனியைப் பிடிப்பவன் மகன். ஆகவே அவன் எவரையும் பார்த்து எழுதவில்லை. ஆயினும் பக்கங்கள் 5 உம் 7 உம் ஆகவிருந்த அடுத்த வினாவுக்கு அவனிடம் விடையில்லை. மாணவியோ 74 இன் வர்க்கமூலம் என்று அதையும் சரியாகவே எழுதியிருந்தாள்.

அவளையும் அழைத்தார் ஆசிரியர். "எதற்காகப் பிள்ளை வர்க்கிக்கிறாய்? பக்கங்களை அப்படியே கூட்டினால் என்ன?" என்று கேட்டார். "சூத்திரம் அப்பிடித்தான், சேர். பாடமாக்கினது" என்றாள் அவள். ஆசிரியர் சிரித்தார். எமக்குச் சிரிப்பு வரவில்லை. அதே வினாவை எம்மிடம் எவரேனும் கேட்டிருப்பின் நாமும் அதே விடையைத்தான், ஒருகால் இதைவிட அழகான தமிழில், கூறியிருப்போம்.

அப்படியாயின் அவ்வறையில் இருந்தோருள் தேற்றத்தை அறிந்தவர் எவர்? கைப்பழக்கத்தால் விடை கண்ட பையனா? சூத்திரத்தால் விடை கண்ட பெண்ணா? இருவரையும் மதிப்பிடும் ஆசனத்தில் அமர்ந்திருந்த, பட்டம் பெற்ற நாமா?

முதலில் மேசனின் அறிவை நோக்குவோம். அத்திவாரம் வெட்டுமுன் அவர் மூலையில் ஒரு முளை அடிக்கிறார். அதிலிருந்து ஒரு திசையில் மூன்று அடி அளந்து ஓர் அடையாளமும் மற்றைத் திசையில் நான்கு அடி அளந்து ஓர் அடையாளமும் இடுகிறார். இரண்டு அடையாளங்களுக்கும் இடைப்பட்ட தூரம் சரியாக ஐந்து அடியாகும்வரை கயிற்றை நகர்த்துகிறார். ஐந்தடி வந்ததும் மூலை செங்கோணமாகி விடுகின்றது. கட்டடம் பெரிதாயின் ஆறு, எட்டு, பத்து என்று அளவை இரட்டிக்கிறார். அளக்கும் தூரம் கூடக் கூடப் பிழை குறையும் என்பது அவருக்குத் தெரியும். இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பாடநூலின் தேற்றம் செங்கோணத்திலிருந்து புறப்பட்டுப் பக்கங்களுக்குச் செல்கின்றது. மேசனோ பக்கங்களிலிருந்து புறப்பட்டுச் செங்கோணத்துக்கு வருகின்றார். அவர் கையாள்வது தேற்றத்தின் மறுதலையை. ஏறத்தாழ கி. மு. 300 அளவில் யூக்கிளிட் இயற்றிய 'மூலகங்கள்' என்னும் நூலின் முதலாம் புத்தகத்தில் தேற்றம் 47 ஆம் எடுப்பாகவும் மறுதலை 48 ஆம் எடுப்பாகவும் தனித்தனியே நிறுவப்பட்டுள்ளன. இவை வெவ்வேறானவை என்பதை நாம் அறிந்துகொண்டது இச்சம்பவத்தின் பின்னரே.

மேசனின் கயிறு மிகப் பழையது. பைதகரசு கி. மு. ஆறாம் நூற்றாண்டில் சாமோஸ் தீவிற் பிறந்தவர். அவர் எழுதியதென ஒரு வரிதானும் எமக்குக் கிடைக்கவில்லை. அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட பாபிலோனியக் களிமண் பலகையொன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அதில் ஒரு சதுரமும் அதன் மூலைவிட்டங்களும் கீறப்பட்டு, பக்கத்துக்கும் மூலைவிட்டத்துக்கும் உள்ள விகிதம் குறிக்கப்பட்டுள்ளது. எமது தசம முறையில் அதன் பெறுமானம் 1.414213 அளவாகும், இன்றைய கணிப்புடன் ஒப்பிடும்போது ஆறாவது தசம தானத்திற்றான் வேறுபாடு தோன்றுகின்றது. பலகை வட்டமானது, பயிற்சிக்காக மாணவர் பயன்படுத்திய பலகைகளின் வடிவம் அது. கொலம்பியா பல்கலைக்கழகத்திலுள்ள மற்றொரு பலகையை நொய்கபவர், சாக்ஸ் என்னும் இருவர் 1945 இல் ஆராய்ந்து வெளியிட்டனர். அதன் பதினைந்து வரிசைகளில் ஒன்று 12709, 18541 என்னும் எண்களைக் கொண்டது. 13500 ஐயும் 12709 ஐயும் பக்கங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணியின் செம்பக்கம் மிகச் சரியாக 18541 ஆகும். இத்தகைய எண்களைக் கயிறு பிடித்துக் கண்டிருத்தல் இயலாது. ஒரு முறை அவர்களிடம் இருந்தது என்பதில் ஐயமில்லை.

இந்தியாவில் வேள்விக் குண்டங்களை அமைப்பதற்கு எழுந்த சுல்ப சூத்திரங்களுள் பௌதாயனருடையது, நீள்சதுரத்தின் மூலைவிட்டத்தின்மேல் அமையும் சதுரம் இரு பக்கங்களின் மேலமையும் சதுரங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம் என்பதைப் பொதுவிதியாகவே கூறுகின்றது. சுல்பம் என்றால் கயிறு என்பது பொருள். சீனத்தின் 'ஒன்பது அத்தியாயங்கள்' என்னும் கணித நூலின் இறுதி அத்தியாயம் முழுவதும் செங்கோண முக்கோணி பற்றியதே. பத்து அடி உயரமான மூங்கில் முறிந்து, அதன் நுனி அடியிலிருந்து மூன்று அடி தூரத்தில் நிலத்தைத் தொடுகின்றது. முறிந்த இடத்தின் உயரம் என்ன என்பது அதிலுள்ள கணக்குகளுள் ஒன்று. அதே முறிந்த மூங்கில் 1150 இல் பாஸ்கரர் இயற்றிய 'லீலாவதி'யில் 32 முழமாக வளர்ந்து நிற்கின்றது. ஆகவே இவ்வுண்மை எந்த ஒரு தேசத்தாரின் முதுசமும் அன்று. வீடு கட்டியோர், வயல் அளந்தோர், பலிபீடம் அமைத்தோர் என எங்கெல்லாம் மனிதர் செங்கோணத்தைத் தேடினரோ அங்கெல்லாம் இதனை எதிர்ப்பட்டனர். கயிறு பிடித்தோரின் பெயர்கள் மட்டும் எந்த நாட்டிலும் எழுதப்படவில்லை.

இவ்விடத்தில் எமது சொந்த வீட்டுப் பிழையொன்றையும் கூறவேண்டியுள்ளது. பைதகரசுக்கு முன்னரே தமிழன் இத்தேற்றத்தைக் கண்டுவிட்டான் என்று கூறி, போதையனார் என்பவரின் பெயரால் நான்கடிச் செய்யுளொன்று இன்று எங்கும் பரப்பப்படுகின்றது. எமது மாணவர்களும் அதைப் பெருமையுடன் எம்மிடம் கொண்டுவந்ததுண்டு. அச்செய்யுள் கூறும் விதி வருமாறு: நீண்ட பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளிவிடுக, எஞ்சிய ஏழு கூறுகளுடன் குறுகிய பக்கத்தின் பாதியைச் சேர்க்க, வருவது செம்பக்கம். வர்க்கமும் வேண்டியதில்லை, வர்க்கமூலமும் வேண்டியதில்லை என்பதே அதன் கவர்ச்சி.

விதியைச் சோதித்துப் பார்ப்போம். பக்கங்கள் 3 உம் 4 உம் எனின், நான்கில் எட்டில் ஏழு மூன்றரை. அதனுடன் ஒன்றரை சேர்ந்து ஐந்து. சரி. பக்கங்கள் 5 உம் 12 உம் எனின், பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து பதின்மூன்று. அதுவும் சரி. சோதிப்போர் பெரும்பாலும் இவ்விரு உதாரணங்களுடன் நின்றுவிடுகின்றனர். பக்கங்கள் 7 உம் 24 உம் எனின் செம்பக்கம் 25 ஆகவேண்டும். விதியோ இருபத்துநாலரை என்கின்றது. 8, 15 எனின் 17 வரவேண்டும். விதி தருவது பதினேழும் எட்டில் ஒன்றும். இருபது அடிச் சதுர அறையொன்றின் மூலைவிட்டம் 28 அடிக்கு மேல். விதிப்படி இருபத்தேழரை அடிதான். ஒன்பது அங்குலத்துக்கு மேற்பட்ட வேறுபாடு. அவ்வளவை நம்பி மூலையைப் பிடித்தால் அறை சதுரமாயிராது. சிறிதளவு அட்சர கணிதம் தெரிந்தவர் எவரும் இதன் காரணத்தைக் கண்டுகொள்ளலாம்: பக்கங்களின் விகிதம் 4 இற்கு 3 ஆகவோ 12 இற்கு 5 ஆகவோ இருக்கும்போது மட்டுமே இவ்விதி சரியாகப் பொருந்தும். மற்றெல்லா வடிவங்களுக்கும் அது ஒரு மதிப்பீடே.

இம்மதிப்பீட்டை அமைத்தவரை நாம் இகழவில்லை. வர்க்கமூலம் காணும் தொல்லையின்றி ஏறக்குறையச் சரியான அளவொன்றைப் பெறுவதற்கு அது கெட்டிக்காரத்தனமான வழி. எமது கண்டனம் அதைத் தேற்றம் என்று கூறி மேடையேற்றுவோரைப் பற்றியது. முன்னோர் கூறினர் என்பதால் அதனை ஏற்கும் மாணவனும், பாடநூல் கூறுகின்றது என்பதால் வர்க்கிக்கும் மாணவியும் ஒரே நிலையிலேயே உள்ளனர். ஒருவருக்கு அதிகாரம் பழைமையிலிருந்து வருகின்றது; மற்றவருக்குப் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து வருகின்றது. இருவரும் 'ஏன்' என்று கேட்கவில்லை.

இரண்டு உதாரணங்களுக்குப் பொருந்துவது இருநூறு உதாரணங்களுக்குப் பொருந்தினாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்ற உறுதி கிடையாது. அவ்வுறுதியைத் தருவது நிறுவல் ஒன்றே. நிறுவலைத் தொகுத்து முறைப்படுத்தியதில் கிரேக்கருக்குரிய சிறப்பை மறுத்தல் நேர்மையாகாது. அளவுகோலால் ஒருபோதும் காணமுடியாத ஓர் உண்மையையும் நிறுவலே வெளிப்படுத்திற்று. ஒரு சதுரத்தின் பக்கத்துக்கும் அதன் மூலைவிட்டத்துக்கும் பொதுவான அளவு எதுவும் இல்லை. எவ்வளவு சிறிய அலகை எடுத்தாலும் இரண்டையும் மிச்சமின்றி அளக்கமுடியாது. இதைக் கயிறு சொல்லாது. பாபிலோனியர் ஆறாவது தசம தானம் வரை சென்றும் இதனைக் கூறினர் என்பதற்குச் சான்றில்லை. பகுத்தறிவு மட்டுமே இவ்விடத்துக்கு வழிகாட்டிற்று. இதனை வெளியார்க்குக் கூறியவன் கடலில் மூழ்கி மாண்டான் என்று பைதகரசின் குழுவினரைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. கதை உண்மையோ பொய்யோ, அறிவை ஒரு குழுவின் இரகசியமாக வைத்திருக்கும் ஆசை அன்றுமுதலே இருந்து வந்தது என்பதை அது காட்டுகின்றது.

அறிவுக்கும் சரியான அபிப்பிராயத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிளேட்டோ 'மெனோ' என்னும் உரையாடலில் ஆராய்ந்துள்ளார். லரிசா நகருக்குச் செல்லும் வழியை அறிந்தவன் மட்டுமன்றி, அதைச் சரியாக ஊகித்தவனும் ஊர்போய்ச் சேருவான். அவ்வாறாயின் அறிவுக்கு என்ன மேன்மை? சரியான அபிப்பிராயம் கட்டப்படாத சிலை போன்றது, ஓடிவிடும். காரணத்தால் பிணிக்கப்பட்ட பின்னரே அது அறிவாகி நிலைக்கும் என்கின்றார் சோக்கிரட்டீஸ். 9, 12 என்ற வினாவில் ஊர்போய்ச் சேர்ந்த எமது பையன் 5, 7 இல் வழிதவறியது இதனாலேயே. மாணவியின் விடையும் பிணிக்கப்படாத சிலையே. பரீட்சை முடிந்த மறுமாதம் அது எங்கிருக்கும் என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர்.

ஆனால் அவ்வுரையாடலில் எம்மை நெடுநேரம் சிந்திக்கவைத்த பகுதி வேறு. மெனோ என்னும் செல்வனின் வீட்டில் பிறந்து வளர்ந்த அடிமைச் சிறுவன் ஒருவனைச் சோக்கிரட்டீஸ் அழைக்கிறார். இரண்டு அடிப் பக்கமுள்ள சதுரமொன்றைக் கீறி, இதைப்போல் இருமடங்கு பரப்புள்ள சதுரத்தின் பக்கம் யாது என்று வினவுகிறார். நான்கு அடி என்கிறான் சிறுவன். அதன் பரப்பு எட்டு அன்று, பதினாறு. மூன்று அடி என்கிறான். அதுவும் ஒன்பது. தனக்குத் தெரியவில்லை என்று இறுதியில் ஒப்புக்கொள்கிறான். பின்னர் கேள்வி கேள்வியாக நகர்ந்து, முதற் சதுரத்தின் மூலைவிட்டமே தேடும் பக்கம் என்ற முடிவைத் தானே உடன்பட்டு அடைகின்றான். மூலைவிட்டம் என்பது சதுரத்தை இரு செங்கோண முக்கோணிகளாகப் பிரிக்கும் செம்பக்கந்தான். அடிமைச் சிறுவன் கண்டது எமது தேற்றத்தின் ஒரு சிறப்பு வகையே.

பிளேட்டோ இதிலிருந்து கொள்ளும் முடிவு, ஆன்மா முற்பிறப்பில் அறிந்ததை நினைவுகூர்கின்றது என்பது. வேறொரு முடிவு கண்ணெதிரே நிற்கின்றது. அதை அவ்வுரையாடலில் எவரும் எடுக்கவில்லை. எசமானனுக்கும் அடிமைக்கும் பகுத்தறிவு ஒன்றாயின் ஒருவன் மற்றவனுக்கு உடைமையாவது எந்த நியாயத்தால்? அந்நூல் முழுவதும் ஆராயும் பொருள் அறம் என்பது எது, அது கற்பிக்கத்தக்கதா என்பதே. அறத்தைப் பற்றிய அவ்விவாதத்தின் நடுவில் அடிமை ஒருவன் கொண்டுவரப்பட்டு, தன் அறிவை நிரூபித்துக் காட்டிவிட்டு, அடிமையாகவே திரும்பிச் செல்கின்றான். அவனுக்குப் பெயர்கூடக் கொடுக்கப்படவில்லை.

எமது சமூகம் இதைப் பழிக்கத் தகுதியுடையதன்று. கையால் உழைப்பவன் வேறு, ஏட்டைப் பிடிப்பவன் வேறு என்ற பிரிவினையைச் சாதி என்ற இரும்பு வேலியால் காத்தவர்கள் நாம். வகுப்பறையில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமரவேண்டும் என்ற சமாசனக் கோரிக்கை 1930 ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் யாழ்ப்பாணத்தில் எத்துணை எதிர்ப்பைச் சந்தித்தது என்பதை மறத்தலாகாது. 1945 இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி மேசனின் மகனையும் பாடசாலைக்குள் கொண்டுவந்தது. அது பெரிய வெற்றி. ஆனால் உள்ளே வந்தவனிடம் நாம் எதனைக் கொடுக்கின்றோம்?

வர்க்கம் என்ற சொல்லை எமது மாணவர் கணித பாடத்தில் ஒரு பொருளிலும் வரலாற்றுப் பாடத்தில் மற்றொரு பொருளிலும் கற்கின்றனர். வகுப்பறையில் இவ்விரண்டும் சந்திக்கும் இடமொன்று உண்டு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் காரணம் வேறு வழியாகக் கிடைத்துவிடும். வீட்டில் நூல்கள் உண்டு, கேட்டால் சொல்லப் படித்த மாமன் உண்டு, கட்டணம் செலுத்தித் தனியார் வகுப்பும் உண்டு. மேசனின் பிள்ளைக்குக் காரணம் கிடைக்கக்கூடிய ஒரே இடம் பாடசாலை. அங்கும் 'பாடமாக்கு' என்று கட்டளையிடுவோமாயின், கட்டளைக்குக் கீழ்ப்படியும் பயிற்சியையே கொடுக்கின்றோம். கொத்தனுக்கு அளவு சொல்லி வேலை வாங்குவோர் செய்வதும் இதுவே. விடையைத் தந்து காரணத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்வோர் பெருந் தீங்கு செய்வோராகத் தோன்றமாட்டார்கள். அவர்களுட் பலர் எம்மைப்போல் காரணத்தை அறியாமலேயே அவ்வாறு செய்கின்றனர். ஆயினும் பயன் ஒன்றே: கேள்வி கேட்கப் பழகாத ஒரு தலைமுறை.

பாடத்திட்டம் நீண்டது, தவணை குறுகியது, பரீட்சை வாசலில் நிற்கின்றது, நிறுவலுக்கு நேரமேது என்று எமது நண்பர்கள் கேட்பர். இவ்வாதத்தில் நியாயம் உண்டு. அதனால் நிறுவலுக்கு உண்மையில் எவ்வளவு நேரம் வேண்டும் என்று பார்த்தோம். கணித ஆசிரியரின் உதவியுடன் மறுநாள் ஒரே பாடவேளையில் செய்த முயற்சியை இங்கு விவரிக்கின்றோம்.

பையனும் மாணவியும் சேர்ந்து அட்டையில் ஒரே அளவான நான்கு செங்கோண முக்கோணிகளை வெட்டினர். பக்கங்கள் 3 அங்குலமும் 4 அங்குலமும். பின்னர் 7 அங்குலப் பக்கமுள்ள சதுரமொன்றைத் தாளில் கீறினர். நான்கு முக்கோணிகளின் செங்கோணங்களையும் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் பொருத்தி, ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு 3 உம் ஒரு 4 உம் வருமாறு அடுக்கினர். நடுவே சாய்ந்த சதுரமொன்று வெறுமையாக நின்றது. அதன் ஒவ்வொரு பக்கமும் ஒரு செம்பக்கம். அடுத்து அதே நான்கு முக்கோணிகளையும் இரண்டிரண்டாகச் சேர்த்து இரு நீள்சதுரங்களாக்கி, பெரிய சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் வைத்தனர். இப்போது வெறுமையாக நின்றவை இரு சதுரங்கள்: ஒன்றின் பக்கம் 3, மற்றதன் பக்கம் 4. பெரிய சதுரம் மாறவில்லை, அட்டைகளும் மாறவில்லை. ஆகவே முதலில் மிஞ்சிய வெற்றிடமும் பின்னர் மிஞ்சிய வெற்றிடமும் சமமாகவே இருக்கவேண்டும். 49 இலிருந்து 24 போனால் 25. அதுவே செம்பக்கத்தின் மேலுள்ள சதுரம். அதுவே 9 உம் 16 உம்.

"இது மூண்டு நாலுக்குத் தானே, சேர்?" என்று மாணவி கேட்டாள். முதல்நாள் 'சூத்திரம் அப்பிடித்தான்' என்றவள் அவள். விடையைக் கூறியவன் பையன்: அட்டையின் அளவு எதுவாயிருந்தாலும் அடுக்குகிற விதம் மாறாதே என்றான். அக்கணத்தில் 5 உம் 7 உம் அவனுக்குத் திறந்துவிட்டன. இதற்கெல்லாம் சென்ற நேரம் நாற்பது நிமிடம். எமக்கும் அன்றுதான் அத்தேற்றம் சொந்தமாயிற்று.

சொந்தம் என்ற சொல்லை ஆராய்ந்தே கூறுகின்றோம். காணியும் பொன்னும் ஒருவருக்குச் சொந்தமாயின் மற்றவருக்கு இல்லாமற் போகும். நிறுவல் அத்தகையதன்று. அதை ஒருவர் முழுமையாகப் பெற்ற பின்னரும் மற்றவர்க்கு அது முழுமையாகவே எஞ்சி நிற்கின்றது. தமிழர் கண்டனர், கிரேக்கர் கண்டனர், பாபிலோனியர் கண்டனர் என்று உரிமை கோருவோர் இப்பொதுச் சொத்துக்குக் காணி உறுதி எழுத முனைகின்றனர். எவர் காரணத்தைக் கூறவல்லாரோ அவருக்கே தேற்றம் சொந்தம். அவர் எவ்வினத்தவராயினும், எத்தொழிலினராயினும் ஆகுக.

இதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்றுண்டு. எலிஷா லூமிஸ் என்னும் அமெரிக்க ஆசிரியர் இத்தேற்றத்துக்கு 370 நிறுவல்களைத் தொகுத்து 1940 இல் நூலாக்கினார். திரிகோண கணிதத்தைக் கொண்டு இதனை நிறுவமுடியாது, ஏனெனில் அக்கணிதமே இத்தேற்றத்தில் தங்கியுள்ளது என்று அந்நூலில் அவர் எழுதினார். 2009 இல் ஜேசன் சிம்பா என்பவர் அக்கூற்றைப் பொய்யாக்கினார். 2023 மார்ச்சில் நியூ ஓர்லியன்ஸ் நகரின் உயர்தரப் பாடசாலை மாணவியர் இருவர், நீக்கியா ஜாக்சன், கால்சியா ஜான்சன் என்னும் கறுப்பினப் பெண்கள், தாம் கண்ட வேறொரு திரிகோண கணித நிறுவலை அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டத்தில் எடுத்துரைத்தனர். அதையும் வேறு சில புதிய நிறுவல்களையும் 2024 இல் கணித ஆய்விதழொன்று வெளியிட்டது. தொடக்கம் பாடசாலைக் கணிதப் போட்டியொன்றின் மேலதிக வினா. உள்நாட்டுப் போருக்கு முன் அமெரிக்காவின் மிகப் பெரிய அடிமைச் சந்தை இருந்த நகரம் நியூ ஓர்லியன்ஸ். மெனோவின் வீட்டுச் சிறுவனிடம் கேள்வி கேட்கப்பட்டது, அவன் விடை கூறினான், அத்துடன் முடிந்தது. இவ்விரு மாணவியரும் தம் நிறுவலைத் தமது பெயரிலேயே எழுதினர். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை மனிதகுலம் தானாகக் கடந்துவிடவில்லை. அடிமைத்தளையை அறுக்கப் போராடியோரும் பாடசாலைக் கதவைத் தட்டியோரும் அத்தூரத்தை அடியடியாகக் கடந்தனர்.

இனி எமது பையனின் கதையை முடித்துவிடுவோம். அட்டைகளை அவன் வீட்டுக்கு எடுத்துச் சென்றான். இரண்டு நாளின் பின் திரும்பி வந்து தந்தை கேட்ட கேள்வியொன்றைக் கணித ஆசிரியரிடம் ஒப்புவித்தான். தந்தை அட்டைகளைத் தாமே இரு விதமாகவும் அடுக்கிப் பார்த்தாராம். பின்னர், காணியின் மூலை செங்கோணமாயில்லாமல் விரிந்தோ ஒடுங்கியோ இருந்தால் இந்தச் சதுரங்கள் எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்று கேட்டாராம். கணித ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. யூக்கிளிட்டின் இரண்டாம் புத்தகத்தில் 12 ஆம், 13 ஆம் எடுப்புகள் ஆராய்வது இதே வினாவைத்தான் என்று பின்னர் எமக்குக் கூறினார்.

முப்பது ஆண்டுகளாகக் கயிறு பிடித்த அம்மனிதருக்கு இக்கேள்வி முன்னரே தோன்றாதது எதனால்? அறிவுக் குறைவால் அன்று. காரணம் உண்டு, அதைத் தாமும் அறியலாம் என்று அவரிடம் எவரும் கூறவில்லை. கூறியதும் அடுத்த கேள்வி தானே பிறந்தது. ஆசிரியத் தோழர்களே, எமது வகுப்பறைகளில் இத்தகைய கேள்விகள் எத்தனை பிறவாமலே போகின்றன! அவற்றைப் பிறப்பிப்பதற்குப் புதிய கட்டடமோ பெரும் பணமோ வேண்டியதில்லை. நான்கு அட்டைத் துண்டுகளும் ஒரு பாடவேளையும், 'ஏன்' என்று கேட்கும் பிள்ளையின் முன் எமக்குத் தெரியாததைத் தெரியாதென ஒப்புக்கொள்ளும் நேர்மையும் போதும். வருகின்ற தவணையில் அத்தந்தையின் கேள்வியை வகுப்பில் எடுத்துக்கொள்வதென்று கணித ஆசிரியர் முடிவு செய்துள்ளார். பின்வாங்கில் அமர்ந்து அதைக் கேட்பதென்று நாமும் முடிவு செய்துள்ளோம்.